அப்பா இனி நடக்கவே வேண்டாமா?

நவம்பர் 17: கேள்வி

"அப்பாவுக்கு 78 வயது. தீபாவளிக்கு முன்னால் கொல்லைப்பக்கம் ஒரு தடவை விழுந்தார். போன வாரம் ராத்திரி பாத்ரூம் போகும்போது மறுபடியும். எலும்புக்கு ஒன்றுமில்லை, நெற்றியில் தையல் போட்டார்கள். ‘இனிமேல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்’ என்று அண்ணன் சொல்லிவிட்டான். அம்மாவும் அதையே சொல்கிறார். எனக்கும் பயம்தான், ஆனால் மனசு ஒப்பவில்லை. வயசானால் விழத்தான் செய்வார்கள் என்கிறார்களே, அவ்வளவுதானா?"

நவம்பர் 17, இரவு

இல்லை தம்பி. அண்ணனிடம் நாளைக்கே பேசுங்கள். அப்பாவை உட்கார வைக்காதீர்கள்.

எலும்பு முறிவு வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். இப்போது 84 வயது அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து வரும் பெரியவர்களின் வீட்டாரிடம், விழுவதற்கு முன்னால் எப்படி நடமாடினார் என்று கேட்பேன். "நல்லாத்தான் நடந்துட்டிருந்தாரு சிஸ்டர், ஒரு தடவை விழுந்தப்புறம் நாங்கதான் எங்கேயும் அனுப்புறதில்ல" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை விழுந்ததில் வெறும் சிராய்ப்பு. அப்புறம் மாதக்கணக்கில் நாற்காலி, கட்டில், டிவி. யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு நேரத்தில் அவரே எழுந்து போவார். போகாமல் எப்படி இருப்பார்? அந்த நேரத்தில் உடம்பைத் தாங்கக் காலில் வலு இருக்காது.

2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. நோயே இல்லாதவர்களுக்கு அது, அதுவும் பத்தே நாளில்.

உங்களிடம் எனக்கு இரண்டு கேள்வி. விழுந்த அன்று ராத்திரி எழுந்து நின்றதும் தலை கிறுகிறுத்ததா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

நவம்பர் 18

நீங்கள் எழுதி அனுப்பிய பட்டியல்: பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, சிறுநீர் சரியாகப் போவதற்கு ராத்திரி ஒரு டாம்சுலோசின், தூக்கம் வராத நாளில் அல்பிரசோலம். ‘எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது’ என்றும் அப்பா சொல்கிறார். முதலில் பார்க்க வேண்டியது தரையை அல்ல, இந்தப் பட்டியலை.

படுத்திருக்கும்போது இருக்கிற ரத்த அழுத்தம் எழுந்து நின்றதும் சட்டென்று இறங்கலாம். வயதானால் அந்த இறக்கத்தை உடம்பு சரிக்கட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பிரஷர் மாத்திரை, டாம்சுலோசின் இரண்டுமே அந்த இறக்கத்தை இன்னும் கூட்டக்கூடியவை. அல்பிரசோலம் தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். மூன்றும் சேர்ந்து ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் ஒரு மனிதரை எழுப்பி நிறுத்தினால் விழாமல் என்ன செய்வார்?

வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்தால் இப்படிப் பாருங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு எடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதைத் தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். டாக்டர்கள் பெரும்பாலும் உட்கார வைத்துத்தான் பார்ப்பார்கள், இந்த இறக்கம் அதில் தெரியாது.

போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். சளிக்கு வாங்கிய சிட்ரிசின், மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கியது, சித்த மருந்து, எல்லாம். இதய டாக்டர் ஒரு பெயரிலும் சர்க்கரை டாக்டர் இன்னொரு பெயரிலும் ஒரே மருந்தை எழுதி, இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 18, கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமானது விட்டுப்போய்விட்டது. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம் போன்றவற்றைத் தினமும் சாப்பிட்டுப் பழகியவர்கள் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். 1999இல் நியூசிலாந்தில் இப்படிப் படிப்படியாகத் தூக்க மாத்திரை, மனநல மாத்திரைகளைக் குறைத்துப் பார்த்ததில் விழுவது 66 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்ததும் அவர்களில் பலர் பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டார்கள். குறைத்தால் பலன் பெரிது, விடுவது கடினம், இரண்டும் உண்மை.

டாக்டரைப் பார்க்கும் வரை: கண் விழித்ததும் எழக்கூடாது. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரட்டும். எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி அங்கேயே கொஞ்சம் நிற்கட்டும். அப்புறம் நடக்கட்டும். செல்போன் மணி அடித்தால் அடிக்கட்டும், அதற்காக ஓடக் கூடாது.

நவம்பர் 21

இன்று வீட்டைப் பற்றி. ராத்திரி அப்பா போகும் அதே வழியில், அதே நேரத்தில், விளக்குப் போடாமல் ஒரு தடவை நீங்கள் நடந்து பாருங்கள். பகலில் கண்ணில் படாததெல்லாம் அப்போது காலில் படும்.

கட்டிலிலிருந்து சுவிட்ச் எட்டுகிறதா? எட்டாவிட்டால் ராத்திரி முழுக்க எரிகிற ஒரு சின்ன பல்பு. இது மழைக்காலம், கரண்ட் போகும், அதனால் சார்ஜ் ஏறும் விளக்கு ஒன்றும் வேண்டும். கதவு நிலைப்படி உயரமாக இருந்தால் அதன் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பட்டையாக டேப் ஒட்டுங்கள். பாத்ரூம் வாசலில் போடும் கால்மிதி, பழைய புடவையை மடித்துப் போட்ட துணி, இதெல்லாம் டைல்ஸில் சறுக்கிக்கொண்டு போகும். எடுத்துவிடுங்கள், அல்லது அடியில் ரப்பர் இருப்பதாக வாங்குங்கள்.

பாத்ரூமில் பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம். ஈரத்தில் அதன் கால் விரிந்து போகும். அகலமான காலும் அடியில் ரப்பர் மூடியும் உள்ள குளியல் நாற்காலி மருத்துவ உபகரணக் கடையில் கிடைக்கும். எண்ணெய்க் குளியல் அன்று எண்ணெய் தேய்த்த உள்ளங்காலோடு டைல்ஸில் நடக்க விடாதீர்கள். எங்கள் வார்டில் சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்த தாத்தாக்கள் உண்டு. எண்ணெயை அறையில் நாற்காலியில் உட்கார வைத்துத் தேய்த்து, காலுக்கு மட்டும் பாத்ரூமில் உட்கார்ந்த பிறகு தேயுங்கள்.

இந்தியன் டாய்லெட்தான் இருக்கிறது, இடித்துக் கட்ட முடியாது என்றால் மேலே வைத்துக்கொள்ளும் கமோடு ஸ்டூல் உண்டு. ராத்திரிக்கு மட்டும் கட்டிலடியில் யூரின் கேன். அப்பா முதலில் கூச்சப்படுவார். கதவைச் சாத்திக்கொள்ளலாம், காலையில் நானே கழுவிவைக்கிறேன் என்று நீங்கள் சொல்லுங்கள், அம்மாவை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள்.

வேட்டி தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேல் இருக்கட்டும். வீட்டில் வெறுங்கால்தான் நம் வழக்கம். சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு அது ஆகாது, செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாது. பின்னால் பட்டை வைத்த ரப்பர் செருப்பு ஒன்றை வீட்டுக்குள் போடுவதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளட்டும். அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பான ஹவாய் செருப்பைப் பாத்ரூமில் போட்டு வைத்திருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள்.

நவம்பர் 22

பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்வதற்காகப் போடும் கம்பி பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். துண்டு போடும் கம்பி பிடிமானக் கம்பி ஆகாது. ஒரு ஆள் தன் முழு எடையையும் போட்டு இழுத்தால் சுவரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கம்பி பொருத்தும் ஆள் வரும்போது அப்பாவைக் கூப்பிட்டு டாய்லெட்டில் உட்கார வைத்து, எழுவதுபோல் கையை நீட்டச் சொல்லுங்கள். கை போய் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். எங்கள் வீட்டில் வந்தவர் தன் உயரத்துக்கு, தன் தோளுக்கு நேராகத் துளை போடப் போனார். அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தபோது அவர் கை போனது அதற்கு ஒரு முழம் கீழே. டைல்ஸைத் தட்டிப் பார்த்து ‘டொக் டொக்’ என்று வெற்று ஓசை கேட்கிற இடத்தில் துளை வேண்டாம். பொருத்தியதும் முதலில் நீங்கள் தொங்கிப் பாருங்கள்.

நவம்பர் 24

"பாத்ரூம் முழுக்க மாற்றிவிட்டோம், கம்பி போட்டோம், கடைசியில் அத்தை கூடத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில் விழுந்தார்கள்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இதைப் படித்த பிறகு, இரண்டு நாளாக நான் எழுதியதை எல்லோரும் கடைக்குப் போய் வாங்கும் சாமான் பட்டியலாக எடுத்துக்கொள்வார்களோ என்று தோன்றுகிறது. வீட்டைச் சரிசெய்வது அவசியம், அதோடு முடிவதில்லை. தடுக்கினால் சமாளித்து நிற்பது கால்தான். வாலிப வயதிலும் தடுக்கியிருப்போம், ஒரு எட்டு வேகமாக எடுத்துவைத்துச் சுதாரித்திருப்போம். அந்த ஒரு எட்டுக்கு வேண்டிய வலு தொடையில் இருக்கிறது.

நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் வீட்டிலேயே செய்யும் ஒரு பயிற்சி முறையை உண்டாக்கினார்கள். வாரத்தில் மூன்று நாள் காலுக்கு வலுவும் நிற்பதில் நிதானமும் தரும் பயிற்சி, இரண்டு நாள் நடை. 80 வயது தாண்டியவர்களே செய்தார்கள். விழுவது ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்தது. நடை மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. நடக்கிற பலருக்குத் தொடை வலு குறைவாகவே இருக்கும்.

அப்பாவுக்கு இதில் தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத, உறுதியான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரட்டும். 30 நொடியில் எத்தனை தடவை முடிகிறது என்று எண்ணுங்கள். 78 வயது ஆணுக்கு 11க்குக் குறைந்தால் காலில் வலு குறைவு என்று அர்த்தம், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் அளவு அது. கையை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை என்றால் ஊன்றியே செய்யட்டும், அதுவும் பயிற்சிதான். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து நிற்பது. முதலில் இரண்டு கையாலும் பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

என் அம்மா காபி டம்ளர் கைக்கு வரும் முன் நாற்காலியில் இந்தப் பயிற்சியை முடித்தாக வேண்டும். "காபிக்கு இவ்வளவு பாடா" என்பார், ஆனால் எண்ணிக்கை தவறினால் தானே திருத்துவார்.

நவம்பர் 25

"இதைப் பெரிசுபடுத்துகிறீர்கள்" என்று ஒருவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருஷத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் வரும் சாவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஐந்தில் நான்குக்கும் மேலான சாவு நம்மைப் போன்ற நாடுகளில். சாலைக்கு ஹெல்மெட் கேட்கிற நாம் பாத்ரூமுக்கு ஒரு பல்பு கேட்பதில் பெரிசுபடுத்துவது எங்கே வந்தது?

நவம்பர் 29

வைட்டமின் டி பற்றி. வாரம் ஒன்று பாலில் கலக்கும் 60,000 யூனிட் பொடிப் பாக்கெட்டைச் சிலர் டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் தானாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள், எலும்புக்கு நல்லதாமே என்று. ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்து டாக்டர் எழுதினால் சாப்பிடுங்கள். அளவுக்கு மீறினால் உதவாது. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்குத்தான் அதிகம்.

டிசம்பர் 4

அப்பா கைத்தடி வேண்டாம் என்று குடையை ஊன்றிக்கொண்டு போகிறார் என்கிறீர்கள். எத்தனை அப்பாக்கள்! தடி வைத்தால் கிழவன் என்பார்கள், குடை என்றால் மழைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். அவருடைய மானத்தைக் குறைவாக நினைக்காதீர்கள், நான் நினைக்கவில்லை. ஆனால் குடையின் உலோக முனை சிமென்ட் தரையில் வழுக்கும், கம்பி வளையும், உயரமும் பொருந்தாது.

தடி வாங்கும்போது அவரை நேராக நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே தடியின் பிடி வர வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கையில். பாதிப்பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். அடியில் இருக்கும் ரப்பர் மூடியை அவ்வப்போது திருப்பிப் பாருங்கள், கோடுகள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், சைக்கிள் டயர் மாதிரிதான் அது.

டிசம்பர் 6

எவ்வளவு செய்தாலும் விழலாம். விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உடனே அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். எல்லோரும் செய்வது அதுதான். அவரை அப்படியே இருக்கவிட்டு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராகவும் இருந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடி ஒன்றும் இல்லையென்றால் அவரே எழ உதவுங்கள். ஒருக்களித்துப் புரள வேண்டும், கையையும் முழங்காலையும் ஊன்ற வேண்டும், ஒரு நாற்காலியின் பக்கம் தவழ வேண்டும், அதைப் பிடித்து வலுவான காலை முன்னே வைத்து எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே பாய் விரித்து இதைப் பழக்குங்கள். எழ முடியாமல் மணிக்கணக்காகத் தரையிலேயே கிடப்பது தனி ஆபத்து. தசை சிதைந்து சிறுநீரகம் கெடும், உடம்பில் நீர் வற்றும், முதுகில் புண் வரும். தனியாக இருக்கும் பெரியவர்கள் போனை மேசையில் வைக்காமல் சட்டைப் பையிலோ கழுத்துக் கயிற்றிலோ வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று. இடுப்பு எலும்பு முறிவுக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டு, வாரக்கணக்கில் படுக்க வைத்து, படுக்கைப்புண்ணும் சளியுமாக வார்டுக்குக் கொண்டுவருவார்கள். கை எலும்பு இப்படிக் கட்டித்தான் சேர்ந்தது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இடுப்பு அப்படியில்லை. முடிந்தவரை ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் அவரைப் பிழைக்க வைக்கும் வழி. "இந்த வயசில் ஆபரேஷனா" என்று தயங்குகிற ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது.

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. வாசல் தெளித்த ஈரம், குனிந்து கோலம், சட்டென்று நிமிர்வது, விடியற்காலை இருட்டு. எல்லாம் ஒன்றாக வந்து சேர்கிற மாதம். "எங்க அம்மா கோலம் போடுவதை நிறுத்திவிடலாமா" என்று கேட்ட மகளுக்கு: நிறுத்தாதீர்கள். முதல் நாள் எழுதியதுதான் இங்கேயும். தண்ணீரை நீங்கள் தெளித்துக் கொஞ்சம் காயவிடுங்கள், லைட்டைப் போடுங்கள், பக்கத்தில் கனமான ஒரு ஸ்டூல் வையுங்கள், உட்கார்ந்து போடட்டும். நிமிரும்போது அதைப் பிடித்து நிமிரட்டும். கொல்லையில் துவைக்கும் கல்லைச் சுற்றிப் படர்ந்த பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

என் அம்மா போன வருஷம் படியில் சறுக்கினார். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். ‘கால் வலிக்குது’ என்பார். கால் வலி இல்லை, பயம். பயந்தால் நடை குறையும், நடை குறைந்தால் கால் தளரும். முதலில் தெருமுனைப் பிள்ளையார் வரை, கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் கூட்டிப்போனேன். இப்போது பெரிய கோயிலில் வெளிப்பிராகாரம் சுற்றுகிறார். அபிஷேகத் தண்ணீர் ஓடும் கல்தரைப் பக்கம் மட்டும் போக மாட்டார்.

டிசம்பர் 20

கண்ணை விட்டுவிட்டேன். புரை இருந்தால் ‘இன்னும் முற்றட்டும்’ என்று காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தில் 70 வயது தாண்டிய பெண்களிடம் செய்த ஆய்வில், முதல் கண்ணுக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் விழுவது 34 சதவீதம் குறைந்தது. மதுரை அரவிந்த் போன்ற மருத்துவமனைகளின் முகாம்கள் ஊர் ஊராக நடக்கிற மாநிலம் நம்முடையது, சாக்கு இல்லை.

மேலே தூரப்பார்வையும் கீழே படிப்பதற்கும் வைத்த கண்ணாடியோடு படி இறங்கினால் காலடி மங்கலாகத் தெரியும். வெளியே நிறைய நடப்பவர்கள் தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். வீட்டோடு இருப்பவர்களுக்கு அப்படி மாற்றுவது உதவாது, புதுக் கண்ணாடியே தடுமாற வைக்கலாம்.

ஜனவரி 3

நல்ல சேதி தம்பி. நின்றதும் மேல் அளவு 28 குறைந்ததை டாக்டரிடம் காட்டினீர்கள், பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்தார், அல்பிரசோலத்தைப் படிப்படியாக விடச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் படுக்க வைத்து, நிற்க வைத்து அளவு எடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருபவர்களிடமும் புதுச் சீட்டைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய அளவே வந்துகொண்டிருக்கும். அதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார்கள், கேளுங்கள்.

டீக்கடைக்குக் கூட்டிப்போவதைப் பற்றி அண்ணன் கேட்கச் சொன்னாராம். தாராளமாகப் போகட்டும், அண்ணனே கூடப் போகட்டும். அப்பாவின் கையை அவர் பிடிக்க வேண்டாம். முழங்கையை மடக்கிக் கொடுத்து, அப்பாவை அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தடுமாறினால் எப்போது இறுக்கிப் பிடிப்பது என்பதை அப்பாவே தீர்மானிப்பார். அண்ணன் அரை அடி பின்னால் நடக்கட்டும், இழுத்துக்கொண்டு போகக் கூடாது. வழியில் ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்காக அப்பா நின்றுவிடுகிறாரா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பேசினால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று ஸ்வீடனில் 1997இலேயே பார்த்திருக்கிறார்கள். அப்படி நின்றால் நடக்கும்போது பேச்சு வேண்டாம், ரோட்டைக் கடக்கும்போது நிச்சயமாக வேண்டாம். பேச வேண்டியதைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.